கோல்ஃபாக்ஸ் தெரு அண்ணாச்சி!

டென்வர் நகரத்துச் சட்டசபைப் படிக்கட்டில் ஒரு வேடிக்கை உண்டு. 'கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரம்' என்று பதினைந்தாவது படியில் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். 1969-ல் மாணவர்கள் சிலர் அளந்து பார்த்து, "அது இல்லை, பதினெட்டாவது படி" என்றார்கள். சரி என்று அங்கே ஒரு பித்தளை வில்லை பதித்தார்கள். 2003-ல் மறுபடி அளந்ததில் பதின்மூன்றாவது படி என்று ஆயிற்று. அங்கேயும் ஒரு வில்லை! மலை வளரவில்லை, கடல் வற்றவில்லை, படி மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. அளந்தவர்கள் எந்த நிலையில் அளந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் இந்த ஊரின் சரித்திரத்தைத் தெரிந்துகொண்டபின் அந்தச் சந்தேகம் லேசாக வரத்தான் செய்கிறது.

காரணம், இது பீரில் மிதக்கிற ஊர்.

கொலராடோ மாநிலத்தின் தலைநகரம் டென்வர். உயரம் 5,280 அடி. நம் ஏற்காட்டைவிடக் கொஞ்சம் அதிகம். மேற்கே பார்த்தால் ராக்கி மலைத்தொடர், பனித் தொப்பியோடு. ஊருக்குக் குறுக்கே கோல்ஃபாக்ஸ் அவென்யூ என்று ஒரு நீளத் தெரு. நம் மவுன்ட் ரோடும் ரங்கநாதன் தெருவும் கலந்த மாதிரி. சட்டசபையும் அதில்தான், சாயம் போன மோட்டல்களும் அதில்தான். கிழக்குப் பக்கம் போகப்போக எத்தியோப்பிய ஓட்டல், மெக்ஸிகோ பேக்கரி, வியட்நாம் நூடுல்ஸ் கடை என்று உலக வரைபடமே பெயர்ப் பலகைகளில் தொங்கும்.

அந்தத் தெருவிலிருந்து இரண்டு சந்து தள்ளித்தான் நான் சொல்லப்போகிற கடை. சனிக்கிழமை மாலை, மாப்பிள்ளை தன் நண்பர் வீட்டு விருந்துக்குப் பீர் வாங்கக் கிளம்பினார். "அப்பா, நீங்களும் கூடப் போங்க. நீங்க கூட இருந்தாத்தான் அவர் சீக்கிரம் வருவார்" என்றாள் மகள். மாமனாரை இப்படிப்பட்ட கடைக்கு அழைத்துப் போவதில் மாப்பிள்ளைக்குக் கூச்சம். போவதில் மாமனாருக்கு அதைவிடக் கூச்சம். இருவரும் காரில் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டே போனோம்.

நம் ஊரில் மதுக்கடை என்றால் மனசில் வருகிற சித்திரம் வேறு. 2003-லிருந்து தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை முழுக்க அரசாங்கத்தின் டாஸ்மாக் கையில். கம்பி வலை, அதில் ஒரு சந்து. அதன் வழியே பணம் உள்ளே போகும், பாட்டில் வெளியே வரும். 'என்ன இருக்கு?' என்று கேட்கலாம்; 'எது நல்லா இருக்கும்?' என்று கேட்கிற இடம் அதுவல்ல.

இங்கே கதவைத் திறந்ததும் மணி 'கிணிங்' என்றது. முதலில் வந்து மோந்து பார்த்தது ஒரு நாய். யாரோ ஒரு அம்மாள் பீர் வாங்க நாயோடு வந்திருக்கிறார்! கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஜாடியில் நாய் பிஸ்கட். கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்ட, நாய் வாடிக்கையாக வாங்கிக்கொண்டு போயிற்று. கடையை ஒரு சுற்றுப் பார்த்தேன். பெரிய இடமில்லை, நம் பக்கத்து மளிகைக் கடைகள் இரண்டைச் சேர்த்தால் வரும் அகலம். ஆனால் தரையிலிருந்து கூரை வரை சரக்கு! இடப்புறம் விஸ்கி, ரம், ஜின், டெகிலா. நடுவே ஒயின். வலப்புறம் சுவர் முழுக்கக் கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டிகள், அத்தனையும் பீர். கலர் கலராக, சின்னப்பிள்ளைகள் வரைந்த மாதிரிப் படங்களோடு தகர டப்பாக்கள். அலமாரி விளிம்பில் கையால் எழுதிய துண்டுச் சீட்டுகள்: 'காரமான சாப்பாட்டோடு நல்லது', 'கசப்பு அதிகம், எச்சரிக்கை', 'என் மனைவிக்குப் பிடித்தது'.

"இத்தனை தினுசா பீர்ல?" என்றேன்.

"இதெல்லாம் கம்மி மாமா" என்றார் மாப்பிள்ளை. கூச்சம் போய்க் குரலில் ஓர் உற்சாகம் வந்திருந்தது. அவருக்கு அந்தக் குளிர்பெட்டி, எனக்கு மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடை மாதிரி.

கடைக்காரர் எத்தியோப்பியாவிலிருந்து வந்து குடியேறியவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கல்லாவுக்குப் பின்னால் ஒரு மாதா படம், பக்கத்தில் காப்பி ஃப்ளாஸ்க். மாப்பிள்ளை என்னை அறிமுகப்படுத்தியதும் எழுந்து நின்று இரண்டு கையாலும் கை கொடுத்தார். பெரியவர்களைக் கண்டால் எழுந்திருக்கிற பழக்கம் அவர்கள் ஊரிலும் உண்டாம்.

நாம் தெருமுனை அண்ணாச்சி என்போமே, அவர்தான் இவர். யார் வீட்டில் என்ன வாங்குவார்கள், யாருக்குச் சம்பளம் என்றைக்கு, யார் வீட்டில் பெண் கல்யாணம் - எல்லாம் அத்துபடி. சரக்குதான் வேறு.

ஓய்வாக இருந்த நேரம். எனக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தார்.

1970-களின் கடைசியில் அமெரிக்கா முழுக்க நூறு பீர் ஆலைகள்கூட இல்லையாம். நாலைந்து ராட்சஸக் கம்பெனிகள், எல்லாம் ஒரே ருசி. 1978-ல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்: வீட்டில் சொந்த உபயோகத்துக்குப் பீர் காய்ச்சினால் மத்திய அரசு பிடிக்காது. அதே வருஷம் டென்வருக்குப் பக்கத்து ஊரான போல்டரில் சார்லி பபாஸியன் என்கிற பள்ளி ஆசிரியர், வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்கென்று ஒரு சங்கத்தையே தொடங்கிவிட்டார். அடுப்பங்கரையில் ஆரம்பித்தது கொட்டகைக்குப் போய், அங்கிருந்து ஆலையாயிற்று. இன்றைக்கு அமெரிக்காவில் 9,000-க்கு மேல் பீர் ஆலைகள். பெரும்பாலானவை நம் ஊர் சோடாக் கம்பெனி மாதிரிச் சின்னச் சின்னதாக, அந்தந்த ஊருக்கு ஒன்று. இவர்கள் காய்ச்சுவதற்குத்தான் 'கிராஃப்ட் பீர்' என்று பெயர். கைப்பக்குவ பீர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

"எங்க ஊர்ல பீர் காய்ச்சினா கவர்னரே ஆகலாம்" என்று சிரித்தார் கடைக்காரர். ஜோக் என்று நினைத்தேன். நிஜம். ஜான் ஹிக்கன்லூப்பர் என்கிற மண்ணியல் நிபுணருக்கு வேலை போயிற்று. 1988-ல் கூட்டாளிகளோடு டென்வரில் 'வின்கூப்' என்ற மதுபானக் கூடத்தை, சொந்தமாகப் பீர் காய்ச்சுகிற ஆலையோடு, திறந்தார். பிற்பாடு டென்வர் மேயர், அப்புறம் கொலராடோ கவர்னர், 2021-லிருந்து அமெரிக்க செனட்டர்! வேலை போன மாப்பிள்ளைகளைப் பெற்ற மாமனார்கள் மனசைத் தேற்றிக்கொள்ளலாம்.

அதே வின்கூப் செய்த இன்னொரு காரியம். 2012 ஏப்ரல் முதல் தேதி, முட்டாள்கள் தினத்தன்று, காளை மாட்டின் 'மறைவான உறுப்பை' வறுத்துப் போட்டுப் பீர் காய்ச்சியிருப்பதாக விளையாட்டுக்கு அறிவித்தார்கள். ஜனங்கள் 'அது எங்கே கிடைக்கும்?' என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அந்த வருஷமே நிஜமாகவே காய்ச்சினார்கள். நான் மேலே விசாரிக்கவில்லை.

வரிசையாக 'ஐ.பி.ஏ.', 'ஐ.பி.ஏ.' என்று எழுதிய டப்பாக்கள். விரித்தால் 'இந்தியா பேல் ஏல்'. அடடே, நம்ம ஊர்ச் சரக்கா? பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் லண்டனிலிருந்து வெள்ளைக்காரத் துரைகளுக்காகப் பீப்பாய் பீப்பாயாகப் பீர் வந்தது. மாசக்கணக்கான பிரயாணம், வெயில் வேறு. 'ஹாப்ஸ்' என்கிற ஒரு கொடியின் பூதான் பீருக்குக் கசப்பு கொடுப்பது, கெடாமலும் காப்பது. அதை அதிகமாகப் போட்டு அனுப்பிய பீர் வகைக்கு இந்தியா பெயர் ஒட்டிக்கொண்டது. கல்கத்தாவும் பம்பாயும் நம் சென்னப்பட்டணமும் துரைமார்கள் தாகம் தீர்த்துக்கொண்ட இடங்கள். இன்றைக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டு கொலராடோக்காரன் சக்கைப்போடு போடுகிறான். சின்னப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் மாப்பிள்ளைக்கு ருசி பார்க்கக் கொடுத்தார்கள். நான் மோந்து மட்டும் பார்த்தேன். சாத்துக்குடித் தோலும் வேப்பம்பூ ரசமும் சேர்ந்த வாசனை. சித்த வைத்தியர் கொடுத்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்போம். இங்கே காசு கொடுத்துக் குடிக்கிறார்கள்.

இடப்பக்க அலமாரியில் எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. ஸ்காட்லாந்து, ஜப்பான் விஸ்கிகளுக்கு நடுவில், பெங்களூர் 'அம்ருத்'! 2004-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே போய் இறங்கிக் கடை விரித்த தைரியசாலி. விஸ்கியை மரப்பீப்பாயில் வருஷக்கணக்கில் வைப்பார்கள் அல்லவா, அப்போது ஆவியாகிக் குறைவதை 'தேவதைகளின் பங்கு' என்பார்களாம். குளிரான ஸ்காட்லாந்தில் தேவதைகள் வருஷத்துக்கு 2 சதவிகிதம்தான் குடிக்கிறார்கள். பெங்களூரில் 10 சதவிகிதத்துக்கு மேல்! ஆனால் அதே வெப்பத்தால் சரக்கு சீக்கிரம் முதிர்ந்துவிடுகிறது. "உங்க ஊர் தேவதைகளுக்கு ரொம்ப தாகம்" என்றார் கடைக்காரர். "எங்க ஊர்ல முப்பத்துமுக்கோடி பேர் ஸார்" என்றேன்.

பக்கத்திலேயே 'ஸ்ட்ரானஹன்ஸ்' என்ற உள்ளூர் விஸ்கி. அதற்கு ஒரு கதை. ஜார்ஜ் ஸ்ட்ரானஹன் என்பவருடைய கொட்டகை தீப்பிடித்தது. அணைக்க வந்த தொண்டர்களில் ஒருவர் ஜெஸ் கிரேபர். தீயை அணைத்த பிறகு இருவரும் பேசிக்கொண்டிருந்ததில் இருவருக்கும் விஸ்கிப் பைத்தியம் என்று தெரிந்தது. 2004-ல் டென்வரில் வடிசாலை பிறந்தது. தீ அணைக்க வந்தவர் நெருப்புத் தண்ணீர் காய்ச்சிய கதை!

"தேன்ல செய்யறது உண்டா?" என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எத்தியோப்பியாவில் 'தேஜ்' என்று தேன் மது. கல்யாணம் கார்த்திகைக்கு அது இல்லாமல் முடியாதாம். நம் சங்கப் பாடல்களிலும் மலைநாட்டுக்காரர்கள் மூங்கில் குழாயில் முதிர வைத்த தேன் தேறல் வருகிறது என்றேன். ஓக் மரத்துக்கு முன்னால் மூங்கில்! அவர் அதை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். என்ன எழுதினார் என்று தெரியவில்லை, அம்ஹாரிக் எழுத்து.

இதுவரை எல்லாம் சிரிப்பாகத்தான் போயிற்று. நடுவில் இருந்த ஒயின் அலமாரிகளைப் பார்த்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். தரையில் நான்கு அலமாரிகளுக்கான தடம் இருந்தது, நின்றவை இரண்டு.

"மத்ததெல்லாம்?"

"வித்துட்டேன். ஒயினை இல்லை ஸார், அலமாரியை" என்றார்.

இங்கேதான் இந்தக் கடையின் கதையே இருக்கிறது. கொலராடோ தேசத்துக்கே முந்திக்கொண்டு 1916-ல் மதுவிலக்குக் கொண்டுவந்த மாநிலம். பக்கத்து கோல்டன் ஊரின் 'கூர்ஸ்' பீர் ஆலை 1873-லிருந்து காய்ச்சிக்கொண்டிருந்தது. மதுவிலக்கு வந்ததும் அவர்கள் பீங்கான் சாமானும், மால்ட் கலந்த பால் பொடியும் செய்து பிழைத்தார்கள். அதாவது நம் ஹார்லிக்ஸ் ரகம்! 1933-ல் மதுவிலக்கு போயிற்று. போனதும் அரசாங்கங்கள் ஜாக்கிரதையாக வேலி போட்டன. காய்ச்சுகிறவன் வேறு, மொத்த வியாபாரி வேறு, கடைக்காரன் வேறு. கொலராடோவில் இன்னும் ஒரு படி மேலே: ஒரு ஆளுக்கு ஒரே ஒரு மதுக்கடைதான். மளிகை சூப்பர் மார்க்கெட்டுகளில் 3.2 சதவிகிதம் ஆல்கஹால் உள்ள இளநீர் பீர் மட்டும் விற்கலாம். நல்ல பீர் வேண்டுமா? தெருமுனைக் கடைக்குத்தான் வரவேண்டும்.

அந்த வேலிக்குள்தான் கையில் சேமிப்போடு வந்து இறங்கிய குடியேறிகள் கடை போட்டார்கள். கொரியாக்காரர், குஜராத்திக்காரர், எத்தியோப்பியர் என்று ஆளுக்கு ஒரு மூலை. காய்ச்ச ஆரம்பித்த சின்ன ஆலைக்காரர்களும் முதல் பெட்டியை வைத்துப் பார்த்தது இவர்கள் அலமாரியில்தான். 2002-ல் லயன்ஸ் என்ற சிற்றூரிலிருந்து 'ஆஸ்கர் புளூஸ்' கைப்பக்குவ பீரைத் தகர டப்பாவில் அடைத்தபோது, டப்பாவில் நல்ல பீரா என்று சிரித்தார்களாம். இன்று சுவர் முழுக்க டப்பா.

பிறகு வேலியை ஒவ்வொரு கம்பாகப் பிடுங்கினார்கள். ஒரு ஆளுக்கு ஒரு கடை என்ற விதி 2016 சட்டத்தில் தளர்ந்தது. 2019 ஜனவரி முதல் தேதி சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு முழு வீரிய பீர் போயிற்று. 2022 நவம்பரில் ஒயினையும் கொடுக்கலாமா என்று ஜனங்களிடமே ஓட்டு கேட்டார்கள். நூற்றுக்கு ஐம்பது சொச்சம் பேர் 'கொடுக்கலாம்' என்றார்கள். நூலிழை வித்தியாசம்! 2023 மார்ச் முதல் தேதி, தக்காளிக்கும் ரொட்டிக்கும் பக்கத்தில் ஒயின் வந்து உட்கார்ந்துகொண்டது.

"தப்புன்னு சொல்லமாட்டேன்" என்றார் கடைக்காரர். "கறி வாங்கற இடத்துலயே ஒயினும் கிடைச்சா யாருக்குத்தான் சௌகரியம் இல்லை? என் மனைவியே சொன்னா. ஆனா என் கடையில வேலை பார்த்த பையனை அனுப்பிட்டேன். காலையில எட்டு மணியிலேர்ந்து ராத்திரி பன்னெண்டு வரைக்கும் இப்ப நானும் அவளும்தான். வருஷத்துல ஒரே நாள், டிசம்பர் 25, சட்டப்படி மூடியாகணும். எங்க கிறிஸ்துமஸ் ஜனவரி 7. அன்னிக்குக் கடை உண்டு!"

அதனால்தான் இந்தக் கைப்பக்குவ பீரும், விதவிதமான விஸ்கியும். சூப்பர் மார்க்கெட்காரன் வேகமாக விற்கிற நாற்பது தினுசைத்தான் அடுக்குவான். மெதுவாக விற்கிறதை எல்லாம் இவர் அடுக்குகிறார். தனித்தனி டப்பாவாகப் பொறுக்கி ஆறு எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். ஆளைப் பார்த்து, கேட்டு, ருசி சொல்கிறார். அண்ணாச்சியிடம் ஐம்பது கிராம் கடுகு கேட்டால் பொட்டலம் கட்டித் தருவாரே, அந்த மாதிரி.

பேசிக்கொண்டிருக்கும்போது மணி 'கிணிங்' என்றது. ஒரு ஆள் வந்தான். நாற்பது வயதுதான் இருக்கும், அறுபது போலத் தெரிந்தான். நடை சரியில்லை. கல்லாவில் ஜாடியில் இருந்த கட்டைவிரல் உயரக் குட்டி பாட்டில்களில் இரண்டை எடுத்து வைத்து, சில்லறையை எண்ணினான்.

கடைக்காரர் பாட்டில்களை எடுத்து மெதுவாக ஜாடியில் திரும்பப் போட்டார். "காலையிலயும் வந்தே. இன்னிக்குப் போதும்" என்றார். குரல் உயரவில்லை. அந்த ஆள் ஏதோ திட்டினான். போதையில் இருப்பவனுக்கு விற்றால் சட்டப்படி குற்றம், லைசென்ஸே போய்விடும். ஆனால் அவர் சட்டம் பேசவில்லை. ஃப்ளாஸ்க்கைத் திறந்து ஒரு கோப்பை காப்பி ஊற்றி அவன் பக்கம் நகர்த்தினார். அவன் சிறிது நேரம் அதையே முறைத்துப் பார்த்தான். அப்புறம் எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தான்.

"அடுத்த கடைக்குப் போகமாட்டானா?" என்று கேட்டேன்.

"போவான். அங்க விப்பாங்களோ என்னவோ. என் கையால வேண்டாம்னு பார்க்கறேன்" என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "மெஷின் வயசை மட்டும்தான் கேக்கும் ஸார். 'காலையில வந்தியே'ன்னு கேக்காது" என்றார்.

மதுவைப் பற்றி நான் வக்காலத்து வாங்க வரவில்லை. நாட்டிலேயே முன்னோடியாக 1937-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்த ராஜாஜியின் ஊர்ப்பக்கத்துக்காரன் நான். குடியால் கெட்ட குடும்பங்களை எண்ணக் கைவிரல் போதாது. ஆனால் விற்பது என்று ஆகிவிட்டால், விற்கிறவனுக்கு வாங்குகிறவன் முகம் தெரிந்திருப்பது நல்லது என்று அன்றைக்குத் தோன்றியது. வேண்டாம் என்று சொல்ல முடிகிற கடைக்காரன் அகப்படுவது எந்த ஊரிலும் கஷ்டம்.

பில் போடும்போது மாப்பிள்ளையிடம் அடையாள அட்டை கேட்டார். இருபத்தொரு வயது ஆகியிருக்க வேண்டுமே! தலையில் பாதி நரைத்த மாப்பிள்ளைக்குப் பரம சந்தோஷம். என்னிடமும் கையை நீட்டி, "பாஸ்போர்ட் ப்ளீஸ்" என்று சிரித்தார். எனக்கு அறுபத்தாறு.

இரண்டு நாள் கழித்து மகளோடு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன், கொத்தமல்லி வாங்க. பளபளவென்று இடம். கொத்தமல்லிக்கு நேர் எதிரே ஒயின், நான்கு அலமாரி. ஒரு பையன் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தான். சும்மா இருக்க முடியாமல், "தம்பி, இதுல எது நல்லா இருக்கும்?" என்று கேட்டேன்.

பையன் நிமிர்ந்து பார்த்தான். நல்ல பையன், மரியாதையாகத்தான் பதில் சொன்னான்:

"தெரியாது ஸார், எனக்கு இன்னும் இருபத்தொண்ணு ஆகலை. ஆனா இது ஆஃபர்ல இருக்கு!"